ஆப்பை அழித்தும் மாதாமாதம் 499 போகிறது: எங்கே நிறுத்துவது?

தெப்பக்குளம் (கேள்வி)

அப்பாவின் சேமிப்புக் கணக்கு. அவருக்கு வயது 64. மே கடைசியிலிருந்து ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்ததில் எங்களுக்குப் பிடிபடாத வரிகள் இவை:

மே 31 – பிஎம்எஸ்பிஒய் – 20.00
ஜூன் 9 – ஏசிஹெச் டெபிட் ரிட்டர்ன் சார்ஜ் – 295.00
ஜூலை 3 – யுபிஐ / மேண்டேட் / ஒரு பேமென்ட் கம்பெனி பெயர் – 2.00
ஜூலை 6 – யுபிஐ / மேண்டேட் / அதே பெயர் – 499.00
ஆகஸ்ட் 6 – யுபிஐ / மேண்டேட் / அதே பெயர் – 499.00
ஆகஸ்ட் 11 – இன்டர்நேஷனல் / யுஎஸ் – 874.13
ஆகஸ்ட் 11 – மார்க்கப் – 30.59
ஆகஸ்ட் 11 – ஜிஎஸ்டி – 5.51

இரண்டு நிமிஷ வீடியோ தொடர்கள் வரும் ஆப் ஒன்றை அப்பா 2 ரூபாய் கட்டிப் பார்த்திருக்கிறார். 499 அதற்குத்தான் என்று நினைக்கிறோம், ஆனால் ஆப்பின் பெயர் ஸ்டேட்மென்ட்டில் எங்கும் இல்லை. முதல் 499 போன அன்றே ஆப்பை அன்இன்ஸ்டால் செய்து, யுபிஐ பின்னையும் மாற்றியாயிற்று. ஆகஸ்டிலும் போய்விட்டது. கணக்கில் பணமே வைக்காமல் விடலாம் என்றால், ஜூனில் 295 பிடித்ததே கணக்கு காலியாக இருந்தபோதுதான். டாலரில் போனது என்னவென்றே தெரியவில்லை, ஓடிபி வரவே இல்லை என்கிறார். எதை எங்கே நிறுத்துவது? போனது திரும்புமா?

ஒத்தையடிப்பாதை

முதல்ல டெபிட் கார்டை ப்ளாக் பண்ணிடுங்க. புதுக் கார்டு நம்பர் வந்துட்டா பழைய சப்ஸ்கிரிப்ஷன் எல்லாம் தானா செத்துடும். கையோட சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் ஒரு போன் போட்டுடுங்க.

பேரேடு

ஒத்தையடிப்பாதை சொன்னதில் ஒரே ஒரு வரிக்குத்தான் கார்டு சம்பந்தம் உண்டு, அந்த டாலர் வரிக்கு. மற்றதெல்லாம் கார்டைப் பிளாக் செய்தாலும் போய்க்கொண்டே இருக்கும். ஏனென்றால் இங்கே பணம் நான்கு வெவ்வேறு வழியில் போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பூட்டு தனி.

சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். 20 ரூபாய் என்பது பிரதமர் விபத்துக் காப்பீடு, வருடத்துக்கு ஒரு முறை. பாலிசி வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை என்பதால் மே கடைசியில் பிடிப்பார்கள். விபத்தில் இறந்தால் 2 லட்சம். 70 வயது வரை செல்லும். கோபத்தில் இதையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். (இதே சமயத்தில் 436 ரூபாய் போனால் அது ஆயுள் காப்பீடு. அந்தக் காப்பு 55 வயதோடு முடிகிறது. அப்பாவுக்கு 64 என்பதால் அது பிடிக்கப்பட்டிருந்தால் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். உங்கள் பட்டியலில் இல்லை, நல்லது.)

இப்போது 499. யுபிஐ ஆட்டோபே, அதாவது தவணை தானாகப் போகும் வசதி, 2020 ஜூலையில் வந்தது. அந்த 2 ரூபாயைக் கட்டும்போது அப்பா போட்ட பின் எண், 2 ரூபாய்க்கு மட்டும் போட்டது அல்ல. "இந்த நிறுவனம் இத்தனை ரூபாய் வரை, இத்தனை நாளைக்கு ஒரு தடவை, இந்தத் தேதி வரை என் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்" என்ற நிரந்தர அனுமதிக்கு (இதுதான் மேண்டேட்) போட்டது. திரையில் 2 ரூபாய் பெரிதாகவும், "அதிகபட்சம் 999" என்பது கீழே மங்கலான சாம்பல் எழுத்திலும் இருக்கும். அனுமதி கொடுத்த பிறகு 15,000 ரூபாய் வரையான தவணைகளுக்கு பின் எண் கேட்காது. பின்னை மாற்றியும் நிற்காததற்கு இதுதான் காரணம். அந்த அனுமதி உட்கார்ந்திருப்பது உங்கள் வங்கியிலும் யுபிஐ ஆப்பிலும். வீடியோ ஆப்பில் அல்ல. அதனால் அதை அழித்தும் பயனில்லை.

எந்த யுபிஐ ஆப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரே கணக்கை மூன்று ஆப்பில் இணைத்திருப்பார்கள், ஒன்றில் மட்டும் தேடிவிட்டு "எதுவும் இல்லையே" என்பார்கள். பணம் போன எஸ்எம்எஸ்ஸிலோ பரிவர்த்தனை விவரத்திலோ யுஎம்என் என்று ஒரு நீள எண் இருக்கும், அந்த மேண்டேட்டின் அடையாள எண். அதன் வாலைப் பாருங்கள். அட் குறிக்குப் பின் ஓகேஎஸ்பிஐ, ஓகேஆக்சிஸ் மாதிரி "ஓகே"வில் தொடங்கினால் கூகுள் பே. ஒய்பிஎல், ஐபிஎல், ஏஎக்ஸ்எல் என்றால் போன்பே. பிடிஎஸ்பிஐ, பிடிஒய்இஎஸ் மாதிரி "பிடி"யில் தொடங்கினால் பேடிஎம். வெறும் யுபிஐ என்று முடிந்தால் பீம். அந்த ஆப்பைத் திறந்து ப்ரொஃபைல் படத்தைத் தொட்டு, ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே "பாஸ்" (நிறுத்திவைப்பு), "கேன்சல்" இரண்டும் இருக்கும். பாஸ் என்பது தற்காலிகம், மறுபடி ஓடத் தொடங்கும். கேன்சலைத் தொட்டு, பின் எண் போட்டு முடியுங்கள். அனுமதி கொடுக்கவும் பின் எண், எடுக்கவும் பின் எண்.

முடித்ததும் அந்தத் திரையைத் தேதி, மணி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு காசு போனாலும் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

"கணக்கைக் காலியாக வைப்பது" பற்றி. ஆட்டோபேயில் ஒரு முறை முயன்று பணம் இல்லையென்றால் அதோடு விடுவதில்லை. ஒரு முயற்சி, அதற்கு மேல் மூன்று மறுமுயற்சி வரை உண்டு. 2025 ஆகஸ்ட் 1 முதல் இவற்றை நெரிசல் இல்லாத நேரத்தில்தான் ஓட்ட வேண்டும்: காலை 10-க்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின். காலையில் காலியாக இருந்த கணக்கில் மாலை பென்ஷன் விழுந்ததும் இரவில் 499 காணாமல் போவது இப்படித்தான்.

295 வேறு கதை. 250 ரூபாய் அபராதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 45, மொத்தம் 295. அது சந்தா அல்ல, வங்கி போட்ட தண்டம். ஏசிஹெச் என்பது நாச் மேண்டேட், அதாவது கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்க வங்கியில் பதிந்த அனுமதி. யாரோ பணம் எடுக்க வந்திருக்கிறார்கள், கணக்கில் இல்லாததால் திரும்பியிருக்கிறது, திரும்பியதற்கு வங்கி உங்களிடம் வசூலித்திருக்கிறது. நிறுத்தாவிட்டால் அடுத்த தவணைக்கு மறுபடி வருவார்கள், மறுபடி 295. நாச் மேண்டேட்டைப் பதியும்போது டெபிட் கார்டு விவரம் கேட்டிருக்கலாம், ஆனால் அது ஆளை உறுதிசெய்வதற்கு மட்டுமே. மேண்டேட் ஒட்டியிருப்பது கணக்கு எண்ணோடு. கார்டை ப்ளாக் செய்வது இங்கேயும் உதவாது.

நெட் பேங்கிங்கில் நாச் அல்லது ஈ-மேண்டேட் பகுதியில் பட்டியல் கிடைக்கும். இல்லாவிட்டால் கிளைக்குப் போய் "ஜூன் 9 ரிட்டர்ன் ஆன ஏசிஹெச்சின் யுஎம்ஆர்என் எண்ணையும் பணம் கேட்ட நிறுவனத்தின் பெயரையும் கொடுங்கள்" என்று கேளுங்கள். யுஎம்ஆர்என் என்பது நாச் மேண்டேட்டின் அடையாள எண்: எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 20, முதல் நான்கு எழுத்து உங்கள் வங்கியின் குறி. அந்த எண்ணைக் குறிப்பிட்டு மேண்டேட் ரத்துக் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். "கம்பெனியிடம் போய் ரத்து செய்யுங்கள்" என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். கணக்கு வைத்திருப்பவர் தன் வங்கியிலேயே ரத்து கேட்கலாம். எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும்.

டாலர் வரியை வேறு யாராவது எழுதுங்கள், எனக்கு அதில் பழக்கம் குறைவு.

கறுப்பு மை

டாலர் கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். மார்க்கப் என்பது வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி போடும் கட்டணம். 30.59 என்பது 874.13-இல் சரியாக 3.5 சதவீதம். 5.51 அந்த 30.59-இன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 910.23 போயிருக்கிறது. அன்றைய டாலர் விலைக்கு இது 9.99 டாலர் சந்தாவாகத்தான் இருக்கும். பிடிஎஃப் மாற்றும் தளம், படம் பெரிதாக்கும் தளம், பயோடேட்டா தயாரிக்கும் தளம் எல்லாம் இந்த விலையில்தான் தொங்கும். 7 நாள் ட்ரயல் முடிந்த மறுநாள் எடுப்பார்கள்.

ஓடிபி ஏன் வரவில்லை? கார்டு எண்ணை வைத்து ஆன்லைனில் எடுக்கும்போது கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்பது உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கான விதி. வெளிநாட்டுத் தளம் கார்டு எண், காலாவதித் தேதி இரண்டை மட்டும் வைத்தே எடுத்துவிட முடியும். இந்திய மேண்டேட் வழியாக வந்திருந்தால் 24 மணி நேரம் முன்பே தகவல் வந்திருக்க வேண்டும். இவர்கள் ஒவ்வொரு மாதமும் புதிய பில் போலவே போடுகிறார்கள். அதனால் வங்கியின் மேண்டேட் பட்டியலில் இது தெரியாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இந்த வாசலை அடைப்பது சுலபம். 2020 அக்டோபர் 1 முதல் எல்லா வங்கியும் கார்டுக்கு வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், டேப் (கார்டைத் தொட்டுக் கட்டுவது) என்று தனித்தனி சுவிட்ச் கொடுக்க வேண்டும். புதிய கார்டுகளில் வெளிநாட்டுச் சுவிட்ச் மூடியே வரும். ஆக, யாரோ ஒரு நாள் அதைத் திறந்திருக்கிறார்கள். வங்கி ஆப்பில் கார்டு மேனேஜ்மென்ட்டுக்குப் போய் இன்டர்நேஷனலை அணையுங்கள். கார்டை ப்ளாக் செய்து புதுசுக்கு 200, 300 கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அணைத்தால் மட்டும் போதாது, சந்தாவையும் ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் "பாக்கி" என்று மெயில் வந்துகொண்டே இருக்கும். அப்பாவின் ஜிமெயிலில் ஆகஸ்ட் 4-க்கும் 12-க்கும் நடுவே ட்ரயல், இன்வாய்ஸ், 9.99 என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ப்ரமோஷன்ஸ் டேபையும் குப்பையையும் பாருங்கள். போனில் இரண்டு மூன்று ஜிமெயில் இருந்தால் ஒவ்வொன்றிலும்.

அதே எச்சரிக்கை ப்ளே ஸ்டோருக்கும். அந்த வீடியோ ஆப் கூகுள் வழியாகப் பணம் எடுத்திருந்தால் ப்ளே ஸ்டோரில் ப்ரொஃபைல் படம், பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். எந்த ஜிமெயிலில் வாங்கினாரோ அதற்கு மாறினால்தான் பட்டியலில் தெரியும். "காலியாக இருக்கிறது" என்று இங்கே வருகிறவர்களில் பலர் தவறான மெயிலில் நின்றுகொண்டு பார்க்கிறவர்கள். உங்கள் விஷயத்தில் வரியில் பேமென்ட் கம்பெனி பெயர் இருப்பதால் ஆப் நேராகவே எடுத்திருக்கிறது என்று தோன்றுகிறது, இருந்தாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பெயர் தெரியாத அந்த வரிக்கு: பரிவர்த்தனையின் 12 இலக்க ஆர்ஆர்என் எண்ணை (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள குறிப்பு எண்) அந்த பேமென்ட் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் கொடுத்தால் உண்மையான வியாபாரி யார் என்று சொல்வார்கள். ஆனால் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். ரீஃபண்ட் தருகிறேன், பின் எண் போடுங்கள் என்பான். பணம் வாங்குவதற்கு பின் எண் தேவையே இல்லை. 499-ஐத் தேடிப் போய் 49,000 விட்டவர்கள் இருக்கிறார்கள்.

சீல் வைத்த நகல்

திரும்புமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இங்கே முக்கியம், புகாரில் எந்தச் சொல்லைப் போடுகிறீர்கள் என்பது. எல்லோரும் "அனுமதி இல்லாமல் எடுத்துவிட்டார்கள், மோசடி" என்று எழுதுகிறார்கள். வங்கி மேண்டேட் பதிவைத் திறந்து பார்க்கும், அப்பா பின் போட்டது இருக்கும், இரண்டே வரியில் புகாரை மூடிவிடும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை (மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை, நான்கு முதல் ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 வரை பொறுப்பு) உண்மையிலேயே நீங்கள் அனுமதிக்காத பரிவர்த்தனைக்குத்தான். அதே காரணத்தால் 1930-உம் இப்போது வேண்டாம். ஏபிகே ஃபைல் (ப்ளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப்) இறக்கச் சொன்னான், ஸ்க்ரீன் ஷேர் செய்யச் சொன்னான் என்றால் அந்த நிமிஷமே 1930. இது அப்படி அல்ல.

உங்கள் வரிகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்.

ஜூலை 6-இன் 499: சண்டை வங்கியோடு அல்ல, ஆப்போடு. விலையை ஒளித்து, ரத்து வழியை ஒளித்து வாங்க வைப்பதற்கு "சந்தாப் பொறி" என்று பெயர். 2023 நவம்பர் 30-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று வடிவங்களில் அதுவும் ஒன்று. ஆப்புக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். இப்படிப்பட்ட சின்னத் தொகையைப் பல ஆப்கள் 1915 டிக்கெட்டைப் பார்த்ததும் சத்தமில்லாமல் திருப்பிவிடுகின்றன, பெயர் கெட வேண்டாம் என்று. கூகுள் ப்ளே வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் ப்ளேயிலேயே ரீஃபண்ட் கேட்டிருக்கலாம், அது கடந்துவிட்டது.

ஆகஸ்ட் 6-இன் 499: இங்கே வங்கியைக் கேட்க ஒரு நியாயமான கேள்வி உண்டு. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்பினீர்களா? ஆகஸ்ட் 4, 5 தேதி எஸ்எம்எஸ், மெயில், யுபிஐ ஆப்பின் நோட்டிஃபிகேஷன் மூன்றையும் பாருங்கள். வந்திருந்தால் இந்த வாதம் போயிற்று. வரவே இல்லையென்றால், கணக்கில் பதிந்த எண் பழையதா என்றும் பாருங்கள், அது வங்கியின் தப்பு ஆகாது.

இனி ரத்து செய்த பிறகும் போனால்: அப்போது முழுக்க உங்கள் பக்கம்.

டாலர்: தளத்தில் ரத்து செய்து, ரத்து மெயிலை வைத்துக்கொண்டு ரீஃபண்ட் கேளுங்கள். பலர் ஒரு மாதத்தைத் தருவார்கள், ஆனால் 30.59-உம் 5.51-உம் திரும்பாமல் போகலாம். ரத்துக்குப் பின் மறுபடி எடுத்தால் வங்கியில் கார்டு டிஸ்ப்யூட் (அந்தப் பற்றை மறுக்கும் புகார்). காரணம் என்ற இடத்தில் "மோசடி"யைத் தேர்வு செய்யாதீர்கள், "ரத்து செய்த தொடர் பரிவர்த்தனை" என்பதைத் தேர்வு செய்யுங்கள். விசா கார்டில் அதற்கென்றே 13.2 என்ற குறியீடு இருக்கிறது, பொதுவாக 120 நாள் அவகாசம். மோசடி என்று போட்டால் வியாபாரி அப்பாவின் மெயில் ஐடி, உள்நுழைந்த தேதி எல்லாம் காட்டி ஜெயித்துவிடுவான்.

வங்கிக்கு அனுப்ப ஒரு மாதிரி, தேவையானதை மாற்றிக்கொள்ளுங்கள்:

"பொருள்: யுபிஐ ஆட்டோபே மேண்டேட் தொடர்பான புகார், கணக்கு எண் கடைசி நான்கு இலக்கம் ____.
யுஎம்என் ____ என்ற மேண்டேட்டின் கீழ் 06-08 அன்று ரூ. 499 (ஆர்ஆர்என் ____) பற்று வைக்கப்பட்டது. இதற்கு 24 மணி நேரம் முன்பு எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. அறிவிப்பு அனுப்பிய தேதி, நேரம், எண் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். அனுப்பப்படவில்லை என்றால் தொகையை வரவு வைக்கவும். இந்த மேண்டேட்டை __-__ தேதி __ மணிக்கு ரத்து செய்துள்ளேன், திரைப்பதிவு இணைப்பில். இதன் பின் வரும் எந்தப் பற்றையும் ஏற்கக் கூடாது."

உணர்ச்சி வேண்டாம், எண்கள் போதும். புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன். கட்டணம் கிடையாது, வழி தெரியாவிட்டால் 14448. வங்கியில் முதலில் புகார் கொடுக்காமல் அங்கே போனால் எடுத்தவுடன் தள்ளுபடி.

தெப்பக்குளம்

எல்லோருக்கும் நன்றி. யுஎம்என் வால் ஒய்பிஎல் என்று இருந்தது. நாங்கள் இத்தனை நாள் கூகுள் பேயில்தான் தேடிக்கொண்டிருந்தோம். போன்பேயில் கிடைத்துவிட்டது: அதிகபட்சம் 999, மாதாந்திரம். கேன்சல் செய்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாயிற்று. இன்டர்நேஷனலையும் அணைத்தாயிற்று.

இப்போது வேறு சந்தேகம். நெட் பேங்கிங் நாச் பட்டியலில் மூன்று மேண்டேட் இருக்கிறது. ஒன்று வருடம் 1,499, பெயரில் "மெம்பர்ஷிப்" என்று வருகிறது. ஜூன் 9 அதுதான் போல. இன்னொன்று ஏதோ ஃபைனான்ஸ் பெயரில், அதிகபட்சம் 25,000, "கேட்கும்போதெல்லாம்" என்று போட்டிருக்கிறது. மூன்றாவது எல்ஐசி. முதல் இரண்டையும் ஒரேயடியாக ரத்து செய்துவிடலாமா?

பேரேடு

மெம்பர்ஷிப்பை ரத்து செய்யுங்கள். அதன் ரத்து ஒப்புதலை வைத்துக்கொண்டு 295-க்கும் கேட்டுப் பாருங்கள், தர வேண்டிய கட்டாயம் இல்லை, சில கிளைகள் முதல் தடவைக்கு விட்டுக்கொடுக்கும்.

ஃபைனான்ஸை இப்போது தொடாதீர்கள். "கேட்கும்போதெல்லாம்", அதிகபட்சம் பெரிய தொகை என்றால் அது பெரும்பாலும் கடன் மேண்டேட். டிவி, ஃபோன் தவணையில் வாங்கினாரா என்று அப்பாவிடம் கேளுங்கள். கடன் பாக்கி இருக்கும்போது மேண்டேட்டை எடுத்தால் கடன் தீராது, தவணை தவறி சிபில் (கடன் மதிப்பெண்) அடிவாங்கும். இன்னொன்று, பணம் போதாமல் மின்னணுப் பற்று திரும்பினால் 2007 பேமென்ட் சட்டத்தின் 25-ஆம் பிரிவு காசோலை திரும்பியதற்குச் சமமாகப் பார்க்கிறது. அது வெறும் 295-ஓடு நிற்கும் விஷயம் அல்ல.

கடன் முடிந்துபோனது என்றால் அந்த நிறுவனத்திடம் "பாக்கி இல்லை" சான்றிதழ் வாங்குங்கள், அதை வைத்து ரத்து செய்யுங்கள். தவணைக் கடன் முடிந்தும் மேண்டேட்டை அப்படியே விட்டு, பிறகு "கார்டு மெம்பர்ஷிப்" என்று வருடம் ஒரு தொகையை அதே மேண்டேட்டில் இழுப்பதும் நடக்கிறது. அதனால் அந்த 1,499-ஐக் கேட்கும் நிறுவனத்தின் பெயரும் இந்த ஃபைனான்ஸ் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

தெப்பக்குளம்

ஒன்றேதான்! முன் வருடம் வாஷிங் மெஷின் தவணையில் வாங்கியது, அதுவும் முடிந்துவிட்டது. சான்றிதழ் கேட்டு இன்றைக்கே மெயில் போடுகிறேன்.

கறுப்பு மை

மெயிலில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்: கடனுக்கு "பாக்கி இல்லை" சான்றிதழ், மெம்பர்ஷிப்புக்கு ரத்து உறுதி. ஒன்றைக் கேட்டால் ஒன்றைத்தான் அனுப்புவார்கள். யுஎம்ஆர்என் எண்கள் இரண்டையும் குறிப்பிடுங்கள், அடுத்த ஜூனுக்கு முன் இரண்டும் பட்டியலிலிருந்து போயிருக்க வேண்டும்.